அந்தோணியம்மா எழுதச் சொன்னது

மாணவர்களே, நான் ஓய்வுபெற்ற பிரியாவிடையன்று நீங்கள் எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்த பட்டியலை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் தேடிப்பிடித்து, எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, அதிகம் வாங்கியதை மேலேயும் குறைவாக வாங்கியதைக் கீழேயும் அடுக்கியிருந்தீர்கள். நல்ல உழைப்பு. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து, "மேடம், கடைசியில இருக்கிறத எடுத்துறலாமா? அது கட்டுரைகூட இல்ல, அரைப் பக்கக் கடிதம். ஒருத்தரும் மேற்கோள் காட்டல. பூச்சியம்னு கிடக்கிறது பார்க்க நல்லா இல்ல" என்றாள். நான் வெடுக்கென்று, "அத எடுத்தா பட்டியலே வேணாம்" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்பதென்றால் காரணத்தைச் சொல்லவேண்டும். பட்டியலின் முதல் வரியில் இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பூச்சி மாத்திரைக் கட்டுரை. மருந்தியலில் எனக்குப் பெயர் என்று ஏதாவது இருந்தால் அது கொடுத்த பெயர்தான். கடைசி வரியில் இருக்கும் அரைப் பக்கம் அதே கட்டுரைக்கு நான் எழுதிய திருத்தம். இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு வருடங்கள் ஓடின. அந்த வருடங்களில் நான் எப்படி இருந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. பல்கலைக்கழக மருந்தியல் துறையில் நான்தான் கடைக்குட்டி விரிவுரையாளர். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை வாத்தியாரின் மகள். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்து எடுத்தவர். எங்கள் வீடு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, கொஞ்சம் படியேறிப் போகிற இடத்தில் இருந்தது. லயத்துப் பிள்ளைகளோடு விளையாடினாலும் சாப்பாட்டு நேரத்துக்கு நான் மேலே ஏறிவிடுவேன். அவர்கள் பேசுவது எனக்குப் புரியும், நான் பேசுவது அவர்களுக்குப் புரியும். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பேராசிரியரின் பெயரைச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். நீலப் பென்சிலும் கையுமாக இருப்பார். நான் எழுதிக் கொடுக்கும் பத்து வரியில் எட்டு வரியை வெட்டிவிட்டு, மிச்சம் இரண்டு வரிக்குக் கீழே 'நன்று' என்று போடுவார். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் தூங்காமல் எழுதியிருக்கிறேன். அவர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அந்தப் புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். ஒரே தடவை விழுங்கினால் போதும், கொக்கிப் புழு போய்விடும். கொழுந்தெடுக்கிற பெண்கள் ரத்தமில்லாமல் வெளிறிப்போய் மலையேற முடியாமல் நின்ற காலம் அது. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த பஞ்ச வருடங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன.

"உமக்கு அந்தச் சனத்தின்ர பேச்சு விளங்கும். அதுதான் உம்மை அனுப்புறன்" என்றார்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதைக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடாயிற்று. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஒரேயொரு காலைதான் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆய்வுக்கான விதிகளை நானே எழுதினேன். கர்ப்பிணிகளைச் சேர்க்கக்கூடாது. கருவுற்ற முதல் மாதங்களில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெண்ணையும் தனியாக டிஸ்பென்சரிக்குள் கூப்பிட்டு, தோட்டத்து மருத்துவச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதக் குளியல் எப்போது என்று கேட்டுத்தான் மாத்திரை கொடுக்கவேண்டும். நல்ல விதி. இப்போது நீங்கள் எழுதினாலும் அதையேதான் எழுதுவீர்கள்.

அந்தக் காலை விடியும்போதே எல்லாம் கோணலாயிற்று. மருத்துவச்சியை அடுத்த டிவிஷனில் ஒரு பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் கூடையும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக, காலையில் பெயர் பதிகிற பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"டாக்டரம்மா, ரெண்டு நாளா ஒரே மழை. இன்னைக்குத்தான் வெளிச்சிருக்கு. கொழுந்து முத்திக்கிட்டுப் போகுது. ஒவ்வொருத்தியாக் கூப்புட்டு வெச்சுப் பேசுறதுக்கெல்லாம் நேரமில்லீங்க. இங்கனயே வரிசையா நிக்க வெச்சுக் குடுத்துருங்க. அரை மணி நேரம் தாறேன்."

"மருத்துவச்சி வரட்டுங்களே" என்றேன்.

"அது எப்ப வருமோ. வேணாம்னா விட்டுருங்க, நான் இவங்கள மலைக்கு ஏத்தணும்."

உங்களிடம் நான் சொல்ல வந்ததில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கவேண்டும். ஆய்வு போயிருக்கும், பேராசிரியர் கடிந்திருப்பார், ஒரு வருடம் வீணாகியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் நான் நினைத்ததெல்லாம் வெறுங்கையோடு போய் அவர் முன்னால் நிற்கமுடியாது என்பதுதான். சரி என்று தலையாட்டினேன்.

கங்காணிமாரும் ஆம்பிளைத் தொழிலாளர்களும் சுற்றிலும் நிற்க, நான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று உரக்கக் கேட்டேன்: "முழுகாம இருக்கிறவங்க யாராச்சும் இருந்தா இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

வயிறு வெளியே தெரிந்த மூன்று பேர் ஒதுங்கி நின்றார்கள். வேறு யாரும் அசையவில்லை. கண்டாக்கையா தன் பங்குக்குக் குரல் கொடுத்தார்: "மருந்து போடாதவங்களுக்கு இன்னைக்குப் பேரு கெடையாது! வேலையும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்!"

நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்தது. மாத்திரை, ஒரு வாய் தண்ணீர், விழுங்கியதா என்று பார்க்க வாயைத் திறந்து காட்டவேண்டும். பாதி வரிசையில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. பெயர் அந்தோணியம்மா. நானும் வேதக்காரி என்பதால் அந்தச் சிலுவை என் கண்ணில் பட்டது. மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, ரெண்டு மூணு கெழமையா சோறு எறங்க மாட்டேங்குது. இத நான் போடலாங்களா?"

நான் நோட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "சோறு எறங்காததே பூச்சியாலதான். இதப் போட்டா சரியாயிரும்" என்றேன்.

"அப்படீங்களாம்மா?"

"ஆமா. விழுங்குங்க."

விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். நான் அவள் பெயருக்கு எதிரே 'பசியின்மை' என்று எழுதிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். மாத்திரை வேலை செய்ததா என்று பார்க்கவேண்டும். பிரமாதமாக வேலை செய்திருந்தது. பெண்கள் முகத்தில் தெளிச்சி தெரிவதுபோலக்கூட எனக்குத் தோன்றியது. பட்டியலில் ஒரேயொரு பெயருக்கு ஆள் வரவில்லை. மருத்துவச்சியிடம் கேட்டேன். அவர் ஐம்பதைத் தாண்டியவர், வார்த்தையை அளந்து பேசுகிறவர்.

"அந்தோணியம்மாவா? அவ வேலைக்கு எறங்கல. நீங்க வந்துட்டுப் போன நாலாம் நாளு கரு கலைஞ்சு போச்சு."

"கருவா? நான் கேட்டேனேக்கா. எல்லார்கிட்டயும் கேட்டேன்."

"பெரட்டுக் களத்துல வெச்சுக் கேட்டீங்களாமே. அத்தன ஆம்பளைங்க முன்னால எவ சொல்லுவா? அதுலயும் மூணு மாசம் முடியாம சொந்த மாமியாகிட்டயே சொல்லமாட்டாங்க, கண்ணு படும்னு. பஞ்ச வருசத்துல ஒரு பொம்பளப் புள்ளய வாரிக் குடுத்தவ அவ. அதுக்கப்பறம் இப்பத்தான் தங்குச்சு." பிறகு சொன்னார்: "சோறு எறங்கலைன்னு ஒங்ககிட்ட சொன்னாளாமே."

தம்பி வயிற்றில் இருந்தபோது என் அம்மா அடுப்படியில் நின்று அப்பாவிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார்: 'ரெண்டு கெழமையா சோறு எறங்கல.' அப்பா சிரித்தார். எனக்கு அப்போது எட்டு வயது, எனக்கே விளங்கியது. எங்கள் பெண்கள் வேறு எப்படியும் அதைச் சொல்லமாட்டார்கள். அந்தோணியம்மா பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அந்தக் களத்தில், அத்தனை பேருக்கு நடுவில், தன்னால் முடிந்த அளவுக்குத் தெளிவாக என்னிடம் சொன்னாள். கொழும்பில் இருந்து எங்கள் பேச்சுத் தெரியாத ஒரு டாக்டர் வந்து அதைப் பிழையாக விளங்கியிருந்தால் அவரை மன்னிக்கலாம். எனக்கு அந்த மன்னிப்பு இல்லை.

லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். சாக்குப் படுதாவை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது சுவரோரம் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். நான் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. அவள் பேசியது அப்படியே இருக்கிறது.

"அந்த மாத்திரையாலயாம்மா?"

"தெரியல, அந்தோணியம்மா. சத்தியமா எனக்குத் தெரியல" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ரத்தமில்லாத உடம்பு, முதுகில் கூடை, செங்குத்தான மலை. எது காரணம் என்று யாராலும் சொல்லமுடியாது.

அவள் தலையாட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வீட்டுக்காரரு ஒரு துணியில சுத்தி லயத்துக்குப் பின்னால கொய்யா மரத்தடியில வெச்சுட்டு வந்தாரு. ஞானஸ்நானம் இல்லாததால கல்லறையில வெக்க எடமில்ல. பேரு வெக்கல. தோட்டத்துப் புஸ்தகத்துலயும் பதியலையாம், பதிய மாட்டாங்களாம்" என்றாள். பிறகு என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "அம்மா, நீங்க எங்களப் பத்தி எழுதுவீங்கன்னு மருத்துவச்சியம்மா சொன்னாங்க. வெளிநாட்டுலல்லாம் படிப்பாங்களாம். அதுல எம்புள்ளயயும் எழுதிக்கிறீங்களா? இருந்துச்சுன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்மா."

"எழுதுறேன்" என்றேன்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். இதை எழுது என்று ஒரு மனுஷி என்னிடம் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

முதலில் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் நகலில் ஒரு வரி இருந்தது. ஒரு பெண்ணுக்கு மருந்து கொடுத்த நான்காம் நாள் கரு கலைந்தது என்று. பேராசிரியர் நீலப் பென்சிலை அந்த வரிமேல் வைத்தபடி வெகுநேரம் யோசித்தார்.

"மாத்திரையாலதான் எண்டு உம்மால நிறுவேலுமோ?"

"இல்ல சார்."

"கர்ப்பிணியளைச் சேர்க்கிறேல்லை எண்டுதானே எங்கட விதி. அப்ப இவ உள்ளுக்கு வரக்கூடாத ஆள், பிழையாய் வந்திட்டா. ஆளை வெளியில எடுத்தா, அவவுக்கு நடந்ததும் வெளியில போயிடும்."

"சார், அந்தப் பொம்பள எழுதச் சொன்னா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கல்நெஞ்சுக்காரர் இல்லை அவர். "எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா ஒரு ஆளை வச்சு ஒரு நல்ல மருந்தில சந்தேகத்தைக் கிளப்பினா, அது கிடையாமல் ரத்தமில்லாமல் கிடக்கிற மிச்சச் சனத்துக்கு ஆர் பதில் சொல்லுறது? முடிவு உம்மட. உம்மட பேர்தான் முதலில வருது."

பென்சிலை என் பக்கம் தள்ளிவைத்தார். அந்த வரியை வெட்டியது அவரில்லை, நான். வெட்டிய பிறகு, மாத்திரையால் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் எவருக்கும் தீங்கு எதுவும் காணப்படவில்லை என்ற வரி எந்த இடறலும் இல்லாமல் நின்றது. விதிப்படி பார்த்தால் அதில் ஒரு பொய்யும் இல்லை. எங்கள் தொழிலில் இப்படி விதிப்படி உண்மையான பொய்கள் நிறைய உண்டு. நீங்கள் எழுதும்போது தெரிந்துகொள்வீர்கள்.

கட்டுரை நல்ல சஞ்சிகையில் வந்தது. அந்தக் காலத்தில் மேற்கோள் எண்ணிக்கையை யாரும் மேசையில் இருந்தபடி பார்க்கமுடியாது. பெயர் பரவுகிறது என்பதற்கு அடையாளம் தபாலட்டைதான். வெளிநாட்டு ஆய்வாளர்கள் கட்டுரையின் பிரதி கேட்டு அட்டை போடுவார்கள். எனக்கு அட்டைகள் வரத்தொடங்கின. கேள்விப்பட்டே இராத ஊர்களில் இருந்தெல்லாம் வந்தன. துறையின் பியோன் தபால்தலைகளைக் கிழித்துக்கொள்வார், நான் அட்டைகளை நூலால் கட்டி இழுப்பறையில் வைப்பேன். அப்பா ஒருமுறை வந்தபோது அந்தக் கட்டை எடுத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோட்டத்துப் புள்ள பேரு எங்கெல்லாம் போகுது பாரு" என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன். அந்த நிமிடத்தில் அந்தோணியம்மா என் நினைவில் இல்லை.

அவளை மறுபடி பார்த்தது தலவாக்கலை ஸ்டேஷனில். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். இந்தியாவுக்கு அனுப்பப்படுகிற குடும்பங்கள் கோச்சிக்காகத் தகரப் பெட்டிகளோடு காத்திருந்தன. போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டேஷன்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அழுகைக்கு நடுவில் யாரோ என் சேலையைத் தொட்டார்கள்.

"அம்மா, என்னத் தெரியுதுங்களா?"

புதுச் சேலை கட்டியிருந்தாள். அதே கறுப்புக் கயிறு, அதே சிலுவை. இடுப்பில் பிள்ளை எதுவும் இல்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

"ராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறப் போறோம்மா. எங்க கொண்டுபோய் விடுவாங்கன்னு தெரியல." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அம்மா, அத எழுதிட்டீங்களா?"

கோச்சி வருகிற சத்தம் கேட்டது. அவள் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். யோசிக்க நேரமில்லை என்று சொல்லமாட்டேன். நேரம் இருந்தது.

"எழுதிட்டேன்" என்றேன்.

"அது போதும்மா" என்றாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்காரரிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னாள். அவர் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன். இதைவிடக் கேவலமாக நான் எப்போதும் நின்றதில்லை.

அதற்குப் பிறகு புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்துக்குப் போனேன். அதுவும் அந்தக் கட்டுரை வாங்கிக் கொடுத்ததுதான். அங்கே நூலகத்தில் தடித்தடியாக ஒரு வரிசை புத்தகங்கள் இருந்தன. யாருடைய கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எறும்பளவு எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். நூலகப் பெண்மணி பூதக்கண்ணாடி தந்தார். என் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன். நீங்கள் எனக்காக எண்ணியதை நானும் எனக்காக எண்ணியிருக்கிறேன், ஆகவே உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எண்ணி முடித்த சந்தோஷத்தில், என்னைப் பற்றி என்னதான் சொல்லியிருக்கிறார்கள் என்று அந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க உட்கார்ந்தேன்.

நான் எழுதியது தீங்கு 'காணப்படவில்லை' என்பது. முதலில் எடுத்தவர் அதை அப்படியே எடுத்திருந்தார். அவரைப் பார்த்து எடுத்தவர், அந்த வயதுப் பெண்களுக்கு மாத்திரை பாதுகாப்பானது என்று எழுதியிருந்தார். அதற்கடுத்தவர் இன்னொரு படி மேலே போய், கர்ப்பமா என்று விசாரித்து நேரத்தை வீணாக்காமல் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று எழுதி, அதற்கு ஆதாரமாக என் பெயரைப் போட்டிருந்தார். நான் கேட்காமல் விட்டது இப்போது யாரும் கேட்கத் தேவையில்லாததாக ஆகியிருந்தது. எத்தனை தோட்டங்களில், எந்தெந்த நாடுகளில், எத்தனை பெண்கள் வரிசையில் நின்று 'சோறு எறங்கல' என்று தங்கள் பாஷையில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். புத்தகத்தை மூடிவிட்டு அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

மேற்கோள் எண்ணிக்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எத்தனை பேர் எடுத்தார்கள் என்று அது சொல்லும். எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லாது. உங்களை மேற்கோள் காட்டுகிறவர்களை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள், அவர்களை வாசியுங்கள். தலைகுனிய நேர்ந்தாலும் வாசியுங்கள்.

ஊருக்குத் திரும்பி வந்து, அன்று வெட்டிய வரியைச் சேர்த்துத் திருத்தத்தை எழுதினேன். பேராசிரியர் அப்போது ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருந்தார். அது அங்கே தபால் போவதும் வருவதுமே பெரும்பாடாக இருந்த காலம். நகலை அவருக்கு அனுப்பி, என் பெயரில் மட்டும் வெளியிட அனுமதி கேட்டேன். பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. 'தனியப் போடாதேயும். பென்சிலை உம்மட பக்கம் தள்ளினது நான். என்ர பேரையும் போடும்' என்று எழுதியிருந்தார். கீழே வழக்கம்போல 'நன்று'. அச்சில் வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்த அரைப் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பது அதனால்தான்.

பிரதியை எடுத்துக்கொண்டு அக்கரப்பத்தனைக்குப் போனேன். அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. கொய்யா மரம் இருந்தது. மருத்துவச்சிக்கு வயதாகியிருந்தது. அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அவகிட்ட எழுதிட்டேன்னு அப்பவே சொன்னீங்களாமே. போறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. சிரிச்ச மொகமா போனா" என்றார். பிறகு அவரே எழுந்துபோய், இந்தியாவில் கோத்தகிரிப் பக்கத்தில் இருந்து அவளிடமிருந்து எப்போதோ வந்த ஒரு கடிதத்தைத் தேடி எடுத்து விலாசத்தைக் கொடுத்தார். அரைப் பக்கத்தின் பிரதியையும், தமிழில் என் கையெழுத்தில் ஒரு கடிதத்தையும் வைத்து அந்த விலாசத்துக்கு அனுப்பினேன். கடிதத்தில், ஸ்டேஷனில் நான் சொன்னது பொய் என்பதையும் எழுதியிருந்தேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று தபால் முத்திரையோடு திரும்பி வந்தது. அந்த உறை இன்னும் என்னிடம் பிரிக்காமல் இருக்கிறது.

திருத்தத்தை யாரும் எடுக்கவில்லை. முதல் கட்டுரையை இன்றைக்கும் எடுக்கிறார்கள். உங்கள் பட்டியலே சாட்சி. எனக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை, உங்களுக்குச் சொல்லவும் இல்லை. உங்களில் யாராவது நாளைக்கு ஏதாவதொரு வார்டில், மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கி நிற்கும் ஒருத்தியைப் பார்த்தால், நோட்டில் இருந்து தலையைத் தூக்குங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டவளே, உன்மேல் கோபம் எனக்கு இல்லை. நூலகத்தில் அந்தச் சஞ்சிகையைக் கட்டிய தொகுதி மேல் தட்டில் இருக்கிறது, ஏணி வைத்து எடுக்கவேண்டும். அந்த அரைப் பக்கத்தை ஒரு தடவை வாசித்துப் பார். மேற்கோள் காட்டவேண்டாம், வாசித்தால் போதும். அதில் ஒரு பிள்ளை இருக்கிறது.